குளூட்டன் இல்லாத கிறிஸ்துமஸ் பலகாரம்: பிளம் கேக், கல்கல், அச்சு முறுக்கு, வைன் (பெங்களூரு)

கம்மனஹள்ளி_அடுப்படி | நவம்பர் 24, காலை 9.10

டிசம்பர் 25 மதியம் பன்னிரண்டு பேருக்குச் சாப்பாடு. வர்றவங்கள்ல ஒருத்தருக்கு சீலியாக் (கோதுமை, பார்லி மாதிரி தானியத்துல இருக்கிற குளூட்டன்ங்கிற புரதத்தால குடல் பாதிக்கிற நோய்), டாக்டர் பரிசோதிச்சு உறுதி பண்ணினது. பட்டியல் இது: காலையில ஆப்பம், ஸ்டூ. மதியம் மட்டன் பிரியாணி, கட்லெட், விண்டாலு. பலகாரத்துல பிளம் கேக், கல்கல் (முள்கரண்டியில சுருட்டிப் பொரிக்கிற இனிப்பு), அச்சு முறுக்கு, முந்திரிக்கொத்து. கூடவே வீட்டு வைன். எதை அப்படியே விடலாம், எதை மாத்தணும்? மைதா வர்ற இடத்துல எல்லாம் கடையில விக்கிற குளூட்டன் இல்லாத மாவை அதே அளவு போட்டா போதுமா?

அளவுக்கரண்டி | காலை 10.02

அதே அளவு போட்டா கேக் ஓரளவு வரும், கல்கல் வராது. மைதாவோட இழுவையை நம்பி நிக்கிற பண்டம் உங்க பட்டியல்ல கல்கல் ஒண்ணுதான். கேக்கை முட்டையும் பழமும் தாங்கிக்கும். அச்சு முறுக்கும் முந்திரிக்கொத்தும் ஆதியிலேயே அரிசிப் பண்டம், மைதா பின்னால வந்து ஒட்டிக்கிட்டது. அதனால மாவை மாத்துறதைவிட மாவு எங்கே அரைபட்டது, எண்ணெயில முன்னாடி என்ன பொரிஞ்சது, பெருங்காயத்துல என்ன கலந்திருக்குன்னு பார்க்கிறதுலதான் வேலை அதிகம்.

முதல்ல அரிசி மாவு. தெருமுனை மில்லுல அரைக்கக் கொடுக்காதீங்க. உங்களுக்கு முன்னாடி போனவங்க கோதுமை அரைச்சிருப்பாங்க, கல்லிடுக்குல நிக்கிற மாவு உங்க முதல் ஒரு கிலோவோட கலந்து வரும். ராகிக்கும் இதே கதைதான். ராகியில குளூட்டன் கிடையாது, ஆனா மில்லுல இருக்கு. வீட்டு மிக்சியில அரைச்சுச் சலிக்கலாம், இல்லைன்னா உறையில குளூட்டன் இல்லைன்னு அச்சடிச்ச மாவா வாங்கலாம். சல்லடை புதுசா இருக்கட்டும். பழைய சல்லடைக் கண்ணுல சிக்கின மாவு கழுவினா போகாது.

சும்மா_கேட்கிறேன் | காலை 10.40

வருஷத்துல ஒரு நாள். ஒரு துண்டு கேக்குல என்ன ஆகிடும்? இவ்வளவு பயமுறுத்தணுமா?

லேபிள்_வாசகர் | காலை 11.15

கணக்கு போட்டுப் பாருங்க. மைதாவில புரதம் ஏறக்குறைய 10 சதவீதம், அதுல ஐந்தில் நாலு பங்கு குளூட்டன். அதாவது 1 கிராம் மைதாவில சுமார் 80 மில்லிகிராம். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட விதிப்படி ‘குளூட்டன் இல்லாதது’ன்னு உறையில போட, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல இருக்கக் கூடாது. ஒரு கிலோ அரிசி மாவில கால் கிராம் மைதா விழுந்தாலே அந்த எல்லையைத் தொட்டாச்சு. கால் கிராம்னா விரல் நுனியில ஒட்டுற தூள். ஒரு துண்டு கேக்குல 20, 25 கிராம் மைதா இருக்கும்.

சீலியாக்ல வயித்துவலி வந்தாத்தான் பாதிப்புன்னு இல்லை. வெளியே ஒண்ணும் தெரியாமலே குடல்ல உள் சுவர் அடி வாங்கும். ‘எனக்கு ஒண்ணும் ஆகலையே’ன்னு அவரே சொன்னாலும் அதை ஆதாரமா எடுத்துக்க முடியாது. கோதுமை அலர்ஜி வேற விஷயம். அவங்கள்ல பலர் பார்லி சாப்பிடலாம், சீலியாக் உள்ளவங்க சாப்பிடக் கூடாது. கோதுமை, பார்லி, ரை மூணும் தள்ளி. ஓட்ஸ், குளூட்டன் இல்லைன்னு தனியா குறிச்ச உறையா இல்லைன்னா அதுவும் தள்ளி.

இதைப் படிச்சுட்டு ‘எனக்கும் வயிறு சரியில்லை, நானும் கோதுமையை விட்டுப் பார்க்கிறேன்’னு கிளம்பாதீங்க. முதல்ல ரத்தப் பரிசோதனை. நிறுத்தின பிறகு எடுத்தா நோய் இருந்தும் இல்லைன்னு காட்டலாம்.

இப்போ ஒளிஞ்சிருக்கிற கோதுமை. கூட்டுப் பெருங்காயம்தான் முதல் குற்றவாளி. பிசினோட மைதாவோ கோதுமை மாவோ சேர்த்துத்தான் பெரும்பாலும் விக்கிறாங்க, அரிசி மாவு சேர்த்ததும் உண்டு, உறையைப் படிங்க. அந்தப் பெருங்காயம் போட்ட ரசப்பொடி, சாம்பார்பொடி, பிரியாணி மசாலா எல்லாத்துக்கும் இதே கேள்வி. அடுத்தது சோயா சாஸ், அதுல கோதுமை உண்டு. மால்ட் வினிகர் பார்லியில இருந்து வர்றது. விண்டாலுக்குச் செயற்கை வெள்ளை வினிகரோ தேங்காய் வினிகரோ போதும். பிரியாணிக்குக் கடையில வறுத்த வெங்காயம் வாங்காதீங்க, மொறுமொறுப்புக்கு மாவு தூவியிருக்கலாம். கார்ன்ஃப்ளேக்ஸ் சோளம்தானேன்னு கட்லெட் மேல நொறுக்கிப் போடுறவங்க உண்டு. அதுல பெரும்பாலும் பார்லி மால்ட் சேர்ந்திருக்கும். ரவை, சம்பா ரவை ரெண்டும் கோதுமை. அரிசி ரவை, ஜவ்வரிசி பரவாயில்லை.

ஒரு பெயர்க் குழப்பம்: ‘மைதா இல்லாத பிளம் கேக்’னு இந்தச் சீசன்ல நிறைய பலகை தொங்கும். முக்கால்வாசி கோதுமை மாவுல செஞ்சது.

ரிச்சர்ட்ஸ்டவுன்_ஓவன் | மதியம் 1.30

பிளம் கேக்குக்கு அளவு தர்றேன். 8 அங்குல வட்டத் தட்டு ஒண்ணுக்கு.

உலர்பழம் 400 கிராம் (கருப்பு திராட்சை, கிஸ்மிஸ், பேரீச்சை, ஆரஞ்சுத் தோல், செர்ரி), 100 மில்லி ரம்முல ஊறணும். ரம் கரும்புல இருந்து வர்றது, பிரச்சினையில்லை. நறுக்கி விக்கிற பேரீச்சையில ஒட்டாம இருக்க மாவு தூவியிருப்பாங்க, முழுசா வாங்கி நீங்களே நறுக்குங்க. இன்னிக்கு ஊறப்போட்டா நாலு வாரம், தாராளம். மறந்தவங்க டிசம்பர் 15ல போட்டாலும் குடி முழுகிடாது. பழத்தை மிதமான தீயில ரம்மோட அஞ்சு நிமிஷம் சூடாக்கி மூடி வச்சா ரெண்டு நாள்ல ஊறிடும். ரம் ஊத்தும்போது அடுப்பு அணைஞ்சிருக்கணும், ஊத்தின பிறகு அடுப்பைப் பத்த வைங்க.

மாவு: மெல்லிசா சலிச்ச பச்சரிசி மாவு 100, பாதாம் பொடி 60, சோளமாவு (கார்ன்ஃப்ளோர்) 40, ஆக 200 கிராம். வெறும் இசப்கோல் உமியை மிக்சியில பொடிச்சு 5 கிராம், அதாவது தலைதட்டின ரெண்டு தேக்கரண்டி. சுவை சேர்த்த பாக்கெட் வேண்டாம். பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், சுக்குப் பொடி சேர்த்து ஒன்றரைத் தேக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி. வெண்ணெய் 150, நாட்டுச் சர்க்கரை 100, முட்டை 3, முந்திரி 60.

கேரமலுக்குச் சர்க்கரை 100 கிராம். காபி டிகாஷன் நிறம் வரைக்கும் கருக்கி, 75 மில்லி கொதிநீரைக் கையைத் தள்ளி வச்சு ஊத்துங்க. சீறும். முழுசா ஆறின பிறகுதான் மாவுல சேரணும். வெதுவெதுப்பா இருந்தாலே வெண்ணெய் உருகிக் கலவை திரிஞ்சுபோகும்.

வெண்ணெயும் சர்க்கரையும் வெளுக்க அடிச்சு, முட்டையை ஒவ்வொண்ணா, ஒவ்வொண்ணுக்கும் ஒரு கரண்டி மாவோட சேர்த்து, கடைசியில கேரமல், மீதி மாவு, வடிச்ச பழம். இப்போ நிறையப் பேர் தவறுற இடம்: கலவையை உடனே ஓவன்ல வைக்காதீங்க. அரை மணி நேரம் மூடி வைங்க. அரிசி மாவு ஈரத்தை மெதுவாத்தான் குடிக்கும். அவசரப்பட்டா வெந்த பிறகும் பல்லுல மணல் மாதிரி நெருடும்.

150 டிகிரி, 80 முதல் 95 நிமிஷம். குச்சி சோதனையை நம்பாதீங்க, பழத்துல குத்தினா ஈரமாத்தான் வரும். சமையல் வெப்பமானி இருந்தா நடுவுல 94, 95 டிகிரி காட்டினதும் எடுங்க. வெளிநாட்டுக் குறிப்புகள்ல 98ன்னு போட்டிருந்தா இங்கே அதைத் துரத்தாதீங்க. பெங்களூரு கடல் மட்டத்துக்கு மேல 900 மீட்டர், தண்ணியே சுமார் 97ல கொதிச்சிடும். 98 வர்ற வரைக்கும் காத்திருந்தா கேக் காஞ்சுபோகும். இந்த உயரத்துல பேக்கிங் பவுடரையும் கூட்டாதீங்க, வேகமா எழும்பி நடுவுல அமுங்கும்.

அளவுக்கரண்டி | மதியம் 2.05

நல்ல அளவு. இசப்கோலுக்குப் பதில் சாந்தன் பிசின் அரைத் தேக்கரண்டி போடுறவங்க இருக்காங்க. எது மேல்?

ரிச்சர்ட்ஸ்டவுன்_ஓவன் | மதியம் 2.20

இந்தக் கேக்குக்கு இசப்கோல். ஈரத்தைப் பிடிச்சு வைக்கும், மருந்துக்கடையிலேயே கிடைக்கும். சாந்தன் கொஞ்சம் கூடினா பசை மாதிரி ஆகும். ரெண்டையும் சேர்த்துப் போட்டா ரப்பர்.

இன்னொண்ணு, சுட்ட அன்னிக்கே வெட்டாதீங்க. 24 மணி நேரம் கழிச்சு, ரம்பப்பல் கத்தியால. அன்னிக்கே வெட்டினா உதிர்ந்து புட்டு. ஃபிரிட்ஜ்லயும் வைக்காதீங்க, அரிசி மாவுப் பண்டம் குளிர்ல சீக்கிரம் விறைக்கும், பழைய சோறு ஃபிரிட்ஜ்ல விறைக்கிற மாதிரியேதான். பட்டர் பேப்பர்ல சுத்தி டப்பாவில வச்சு, நாலு நாளைக்கு ஒரு தடவை ஒரு மேசைக்கரண்டி ரம் தடவுங்க.

சீடைவெடி | மாலை 5.45

பொரியல் பக்கம் நான் வர்றேன்.

கல்கல். மைதா மாவை முள்கரண்டி முதுகுல அமுக்கிச் சுருட்டினா சுருண்டு நிக்கிறது அந்த இழுவையாலதான். அரிசி மாவுல அது கிடையாது. பச்சையா பிசைஞ்சா சுருட்டும்போதே விண்டு போகும். வழி, நம்ம கொழுக்கட்டை வழிதான்: மாவை வேகவச்சுப் பிசையணும். அரிசி மாவு 200 கிராமை நிறம் மாறாம, கை பொறுக்காத சூடு வரை வறுத்து, சோளமாவு 30, இசப்கோல் பொடி ஒன்றரைத் தேக்கரண்டி, பொடிச்ச சர்க்கரை 3 மேசைக்கரண்டி சேருங்க. தேங்காய்ப்பால் 200 மில்லியை ஒரு கரண்டி வெண்ணெய், ஒரு சிட்டிகை உப்போட கொதி வந்ததும் மாவுல ஊத்தி, எவர்சில்வர் கரண்டியால கிளறிப் பத்து நிமிஷம் மூடி வைங்க. அப்புறம் உள்ளங்கை அழுந்தப் பிசையணும். விரிசல் விட்டா தேங்காய்ப்பால் ஒரு கரண்டி கூட்டுங்க. ஈரத்துணி போர்த்தியே வைங்க, அஞ்சு நிமிஷத்துல மேல் காஞ்சிடும்.

சுண்டைக்காய் அளவு எடுத்து, எண்ணெய் தடவின முள்கரண்டியில மெல்லிசா அமுக்கிச் சுருட்டுங்க. மொத்தமா விட்டா சீடை மாதிரி வெடிக்கும். சும்மா சொல்லலை: அரிசி மாவு உருண்டையில மேல் ஓடு முதல்ல இறுகும், உள்ளே ஆவி வழியில்லாம அடைபடும், அப்புறம் எண்ணெயோட உங்க முகத்துக்கு வரும். சலிக்காத மாவுல இருக்கிற கட்டியும் அதே வேலையைச் செய்யும். சுருள்ல நடுவே துளை தெரியணும். மிதமான தீ, கொஞ்சம் கொஞ்சமா. சர்க்கரையை மாவுல கூட்டினா எண்ணெயில பிரிஞ்சு கரையும், இனிப்பு போதலைன்னா பொரிச்ச பிறகு பாகுல புரட்டுங்க.

மைதா கல்கல் மாதிரி உள்ளே மெத்துன்னு இருக்காது, கடக்குன்னு இருக்கும். அதை ஒத்துக்கிட்டுச் செய்யுங்க.

அச்சு முறுக்குக்கு அரிசி மாவு 250, முட்டை 1, சர்க்கரை 80, தேங்காய்ப்பால் 300 மில்லியில தொடங்கி, கருப்பு எள் ஒரு தேக்கரண்டி, உப்பு. தோசை மாவைவிட ஒரு படி நீர்ப்பா இருக்கணும். மைதா சேர்க்கச் சொல்ற குறிப்புல மைதாவோட வேலை பிடிமானம். அதை இங்கே முட்டை பார்த்துக்கும், முட்டையை மட்டும் விட்டுடாதீங்க. அரிசி மாவு அடியில தங்கும், ஒவ்வொரு முக்குக்கும் முன்னாடி கலக்குங்க.

அச்சுல மாவு ஒட்டலைன்னா ரெண்டு காரணம். அச்சு ஆறிப்போயிருந்தா வழிஞ்சு விழும். ரொம்பக் காஞ்சிருந்தா சொய்ங்குனு சத்தம் போட்டு மாவுக் கிண்ணத்துலயே கழண்டுக்கும். எண்ணெயில ஒரு நிமிஷம் வச்சு, உதறி, முக்கால் உயரத்துக்கு மட்டும் முக்கணும். மேல் விளிம்பு முங்கினா கழட்டவே முடியாது. புது அச்சை ராத்திரி முழுக்கக் கஞ்சித் தண்ணியில போட்டு, துடைச்சு, எண்ணெயில ஊறவிட்டுத்தான் பழக்கணும்.

புது அச்சுன்னு சொல்றதுக்கு ஒரு காரணம் உண்டு. பக்கத்து வீட்டு அச்சை வாங்காதீங்க. பூ இதழ் இடுக்குல பழைய மைதா கருகி ஒட்டியிருக்கும். சிக்பேட்டைப் பாத்திரக் கடையில ஒண்ணு எடுத்துடுங்க. எண்ணெயும் புதுசு. மைதா பிஸ்கட் பொரிச்ச எண்ணெயை வடிகட்டினாலும் உதவாது.

முந்திரிக்கொத்து: உள்ளே பாசிப்பயறு, வெல்லம், தேங்காய், எதுவும் சிக்கல் இல்லை. மேல் மாவுக்குப் பச்சரிசி 200 கிராமோட ரெண்டு மேசைக்கரண்டி உளுந்து சேர்த்து ரெண்டு மணி நேரம் ஊறவச்சு, கெட்டியா அரைச்சு மஞ்சள்தூள் போடுங்க. உளுந்து இல்லாத வெறும் அரிசி மாவு வெடிப்பு விட்டு, வெல்லம் எண்ணெயில இறங்கிக் கருகும்.

கம்மனஹள்ளி_அடுப்படி | இரவு 8.00

ரொம்ப நன்றி எல்லாருக்கும். கட்லெட் மேல ரஸ்க் தூளுக்கு என்ன போடலாம்? ஆப்பத்துல ஏதாவது சிக்கல் உண்டா? வைன் திராட்சைதானே, அதைக் கேட்கவே தேவையில்லைன்னு நினைக்கிறேன்.

அளவுக்கரண்டி | இரவு 8.25

கட்லெட்டுக்குக் கெட்டி அவல். 100 கிராமை வெறும் சட்டியில மொறுமொறுன்னு வறுத்து, ரவைப் பதத்துக்கு உடைச்சா பதினைந்து கட்லெட்டுக்கு வரும். நைசாக்கினா எண்ணெய் குடிக்கும். முட்டையில முக்கி, அவல்ல புரட்டி, இருபது நிமிஷம் ஃபிரிட்ஜ்ல வச்சுப் பொரிங்க. உடனே போட்டா சட்டை கழண்டுடும். உள்ளே பிரெட் வேண்டாம், உருளைக்கிழங்கே பிடிக்கும்.

ஆப்பத்துல கப்பி (மாவுல சேர்க்கிற கூழ்) காய்ச்ச ரவை போடுற வழக்கம் இருந்தா நிறுத்துங்க. அரைச்ச அரிசி மாவுலயே ரெண்டு கரண்டி எடுத்து ஒரு கப் தண்ணியில கூழா காய்ச்சிச் சேருங்க. ஈஸ்ட் பரவாயில்லை. ஸ்டூவுக்குத் தேங்காய்ப்பாலே போதும்.

பழைய_புட்டி | இரவு 9.10

வைனைத்தான் முதல்ல கேட்டிருக்கணும்! நம்ம ஊர் வீட்டு வைன்ல ஒரு கைப்பிடி கோதுமை போடுறாங்க. பெங்களூர் புளூ திராட்சை, சர்க்கரை, ஈஸ்ட், பட்டை கிராம்பு, கூடவே முழுக் கோதுமை. தெளியும், வீரியம் ஏறும்னு ஆளுக்கொரு காரணம் சொல்வாங்க. சில வீட்டுல பார்லி.

சும்மா_கேட்கிறேன் | இரவு 9.22

அதான் மூணு வாரம் புளிக்குதே. அதுலயே குளூட்டன் எல்லாம் செத்துப்போகாதா?

பழைய_புட்டி | இரவு 9.40

குளூட்டன் உயிர் இல்லை, சாகிறதுக்கு. அது புரதம். ஈஸ்ட் சர்க்கரையைத்தான் தின்னும். கொஞ்சம் புரதம் உடையலாம், முழுக்கப் போச்சுன்னு நம்பி ஊத்த முடியாது. பீரும் புளிச்சதுதான், அது சீலியாக்குக்கு ஆகாது. காய்ச்சி வடிக்கிற ரம் கதை வேற, வைன்ல வடிப்பு கிடையாது.

கோதுமை இல்லாம வைன் ஒண்ணும் கெட்டுப்போகாது. திராட்சை ஒரு கிலோ, சர்க்கரை 700 கிராம், கொதிச்சு ஆறின தண்ணி ஒன்றரை லிட்டர், ஈஸ்ட் அரைத் தேக்கரண்டி. ஜாடியில கால் பங்கு இடம் விட்டு, துணி கட்டி, முதல் வாரம் தினம் கிளறுங்க. அப்புறம் பிழிஞ்சு வடிச்சுட்டு, மூடியைத் தளர வச்சு ரெண்டு வாரம் அசைக்காம விடுங்க. இறுக்கி மூடினா புட்டி வெடிக்கும். தெளிவு வேணும்னா கோதுமையைத் தேடாதீங்க, வண்டல் இறங்கினதும் மேலாப்புல ஒரு ரப்பர் குழாய் வச்சு இறக்குங்க, அஞ்சு நாள் கழிச்சு இன்னொரு தடவை. இன்னிக்குப் போட்டாத்தான் 25க்கு ஆகும். வேற வீட்டுல இருந்து வைன் வந்தா, என்ன போட்டாங்கன்னு கேட்காம அவருக்கு ஊத்தாதீங்க.

லிங்கராஜபுரம்_வாசி | நவம்பர் 25, காலை 7.05

இதுல யாரும் தொடாத ஒண்ணு: நள்ளிரவுப் பூசை. கத்தோலிக்கத் திருச்சபையில, பூசையில நற்கருணையா தர்ற அப்பம் துளியும் குளூட்டன் இல்லாததா இருந்தா செல்லாது. 2003லயும் 2017லயும் வத்திக்கான் அதை எழுத்துல சொல்லியிருக்கு. குளூட்டன் ரொம்பக் குறைச்ச அப்பம் செல்லும், ஆனா அதுவும் கோதுமைதான், மருத்துவர்கிட்ட கேட்டுத்தான் முடிவு பண்ணணும். கிண்ணத்துல இருந்து திராட்சை இரசம் மட்டும் வாங்கிக்கிறதும் முழு நற்கருணைதான். பங்குத்தந்தைகிட்ட முன்கூட்டியே சொன்னா தனிக் கிண்ணம் வைக்கலாம். தனின்னு அழுத்திச் சொல்லுங்க, ஏன்னா பூசையில குரு அப்பத்துல ஒரு சிறு துண்டைப் பெரிய கிண்ணத்துல போடுவார்.

லேபிள்_வாசகர் | காலை 8.30

நல்ல குறிப்பு. கடைகள்ல வாங்கிற இனிப்புக்கும் ஒரு வரி. தூத்துக்குடி மக்ரூன்ல முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி, அவ்வளவுதான். மர்சிபான், தொதல் கூடச் சேர்மானப் பட்டியலைப் பார்த்தா சுத்தம். ஆனா மைதா பறக்கிற பேக்கரியில அதே மேசை, அதே தட்டு. கேட்க வேண்டியது ‘இதுல மைதா இருக்கா’ இல்லை, ‘இதைச் செய்யற தட்டுலயும் மேசையிலயும் வேற என்ன செய்யறீங்க’ன்னு. பதில் இழுத்தா வாங்காதீங்க. மக்ரூன் வீட்டுலயே ஆகும்: வெள்ளைக்கரு 4, பொடிச்ச சர்க்கரை 200, உடைச்ச முந்திரி 200 கிராம், 110 டிகிரியில ஒன்றரை மணி நேரம் காயவிடணும். முந்திரியை ஓட ஓட அரைச்சா எண்ணெய் விட்டு வெள்ளைக்கரு நுரை அமுங்கும், விட்டு விட்டு ஓட்டுங்க.

கம்மனஹள்ளி_அடுப்படி | காலை 9.00

கடைசிக் கேள்வி. மத்தவங்களுக்கு மைதா கேக்கும் சுடணும். ஒரே சமையலறை, ஒரே ஓவன். எந்த வரிசையில செய்யறது?

அளவுக்கரண்டி | காலை 9.35

முடிஞ்சா எல்லாருக்கும் ஒரே கேக், குளூட்டன் இல்லாததே சுடுங்க. ரம் குடிச்ச பழக் கேக்குல வித்தியாசம் கண்டுபிடிக்கிறவர் சொற்பம்.

இல்லை, ரெண்டும் வேணும்னா, குளூட்டன் இல்லாதது எல்லாத்தையும் முதல் நாளே முடிச்சு, மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில வச்சு, பேர் எழுதி மேல் அலமாரிக்கு ஏத்திட்டு, அப்புறம் மைதா மூட்டையைப் பிரிங்க. சலிக்கும்போது பறக்கிற மைதா மணிக்கணக்கா அடங்காது. மரக்கரண்டி, சப்பாத்திக்கட்டை, கீறல் விழுந்த நான்ஸ்டிக் மூணும் வேண்டாம். எவர்சில்வரும் கண்ணாடியும் நல்லா தேய்ச்சுக் கழுவினா போதும். கேக் தட்டுல புது பட்டர் பேப்பர். ஓவன்ல ரெண்டும் ஒண்ணா வைக்க வேண்டாம்.

பரிமாறும்போதுதான் அதிகம் கோட்டை விடுவாங்க. ஒரே கத்தி ரெண்டு கேக்குக்கும் போகும், மைதா பிஸ்கட் எடுத்த கை கல்கல் டப்பாவுக்குள்ள போகும். அவரோட தட்டை மேசைக்கு வர்றதுக்கு முன்னாடியே நிரப்பிடுங்க, அவர் டப்பா அவர் பக்கத்துலயே இருக்கட்டும். அக்கம்பக்கம் இருந்து வர்ற பலகாரத் தட்டு வேற மேசைக்கு.

சீடைவெடி | காலை 9.50

கல்கல் டப்பாவில ஈரம் புகாம அடியில ஒரு பட்டர் பேப்பர் போடுங்க. டிசம்பர் காலைப் பனிக்கு ரெண்டே நாள்ல நமத்துப்போகும். நமத்துட்டா 120 டிகிரி ஓவன்ல பத்து நிமிஷம், ஆறினதும் மறுபடி மொறுமொறுன்னு ஆகிடும். பாகுல புரட்டினதை மட்டும் அப்படி வைக்காதீங்க, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கட்டியாகிடும்.